நாஞ்சில் நாட்டில் ஆங்கிலச் சொல்லும் உரையாடலும்

தமிழ் மாணவனுக்குச் சொற்களை மனப்பாடம் செய்யும் பழக்கம் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு நிகண்டும் பாடமாயிருந்தது. பொருள் விளங்குமுன்னே சொல் நாவில் ஏறிவிடும். பின்னர் செய்யுளைக் கற்கும்போது அதன் பொருள் விளங்கும். ஆங்கிலம் இந்நாட்டுப் பள்ளிகளுக்குள் வந்தபோது அதனையும் நம்மவர் நிகண்டைப் போலவே கற்கத் தலைப்பட்டனர். ஆயினும் வேற்றுமொழிச் சொல் மனப்பாடத்தால் மட்டும் பேச்சாகிவிடுவதில்லை. கேட்பவர் ஒருவர் எதிரே இருத்தல் வேண்டும். கேட்டதற்கு மறுமொழி கூறும் உரிமையும் வேண்டும். இவ்வுண்மையை நாஞ்சில் நாட்டு வரலாறு எவ்வாறு விளக்குகிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிலாடி முதல் நாகர்கோவில் வரை

1809-ஆம் ஆண்டு இம்மண்ணுக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் ஆரல்வாய்மொழிக் கோட்டையரணை ஆங்கிலப் படை தாக்கிக் கைப்பற்றியது. வேலுத்தம்பி தளவாயின் எதிர்ப்பு முறிந்தது. அரணின் மீது ஏறிய படைப்பிரிவை நடத்தியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி. அவர் பெயரைப் பின்னரும் காண்போம்.

அதே ஆண்டில், ஆரல்வாய்மொழிக்குத் தொலைவில் இல்லாத மயிலாடியில் ஒரு சிறு பள்ளி தொடங்கியது. அதனை நிறுவியவர் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே. அவரை இந்நாட்டுக்கு வரவழைத்தவர் மயிலாடியில் பிறந்து, தஞ்சையில் கிறித்தவம் தழுவிய மகாராசன் வேதமாணிக்கம். ரிங்கல்தௌபே பிரஷ்ய நாட்டவர். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழியன்று. தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்ற பின்னரே அவர் 1806-இல் இங்கு வந்தார்.

1818 முதல் பணியாற்றிய சார்லஸ் மீட் நாகர்கோவிலில் செமினரியை வளர்த்தார். அரசப் பொறுப்பிலிருந்த ராணி கௌரி பார்வதிபாய் நாகர்கோவிலில் ஒரு பங்களாவையும், வயல்கள் வாங்குவதற்கு 5,000 ரூபாயையும் வழங்கினார். அவ்வயல்களின் வருவாயே ஆங்கிலச் செமினரியை நெடுங்காலம் தாங்கிற்று. நாஞ்சில் நாட்டு நெல்லே இங்கு ஆங்கிலத்துக்குச் சோறிட்டது எனலாம். அச்செமினரி 1893-இல் கல்லூரியாக உயர்ந்து, ஸ்காட் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகிறது.

இளவரசரும் சிலேட்டும்

அரண்மனையில் ஆங்கிலம் வேறு வழியாக நுழைந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பாராவ் இளவரசர் சுவாதித் திருநாளுக்கு ஆங்கில ஆசிரியரானார். அவரை மக்கள் 'இங்கிலீஷ் சுப்பாராவ்' என்றே அழைத்தனர். பிற்காலத்தில் அவர் திவானாகவும் உயர்ந்தார்.

1825-இல் திருவனந்தபுரம் சென்று அச்சிறு இளவரசரைக் கண்டவர், ஆரல்வாய்மொழி அரணேறிய அதே வெல்ஷ். இளவரசர் 1813-இல் பிறந்தவர். ஆங்கில நூலொன்றை வாசித்துக் காட்டிய பின், யூக்ளிடின் தேற்றம் ஒன்றைத் தேர்ந்து நாட்டுச் சிலேட்டில் படம் வரைந்தார். வெல்ஷை மிகவும் வியக்கவைத்தது அதற்கடுத்த பேச்சு. 'ஜியாமெட்ரி' என்னும் சொல் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்றும், 'ஹெக்ஸகன்', 'ஹெப்டகன்' முதலிய சொற்களும் அவ்வாறே என்றும் இளவரசர் ஆங்கிலத்திலேயே எடுத்துரைத்தார். இன்றைய மொழிநூலார் 'ஜியாமெட்ரி' கிரேக்கச் சொல் என்பர். அது நிற்க. ஷட்கோணத்தை அறிந்த சிறுவர், ஹெக்ஸகனைக் கண்டதும் தாம் அறிந்ததோடு அதனை இணைத்து, விருந்தாளியோடு வாதமே செய்துவிட்டார். ஒப்பித்தலைக் கடந்து உரையாடலாக மலர்ந்த சொற்கல்விக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அரியணையேறிய சுவாதித் திருநாள், நாகர்கோவிலில் ஆசிரியராயிருந்த ஜான் ராபர்ட்ஸை வரவழைத்தார். ராபர்ட்ஸ் 1834-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, 1836-இல் அரசரின் இலவசப் பள்ளியாயிற்று. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியின் மூலம் அதுவே. தலைநகருக்கு ஆங்கில ஆசிரியரை அனுப்பிய பெருமை நாகர்கோவிலுக்கு உரியது.

'நான்' என்னும் சொல்

இளவரசர் பேசினார், கேட்க ஆளிருந்தது. மயிலாடிச் சேரியில் பிறந்த சிறுவனின் நிலை என்ன? திருவிதாங்கூரைப் பற்றி 1871-இல் நூல் வெளியிட்ட சாமுவேல் மெட்டீர், அடிமைச் சாதியார்மீது சுமத்தப்பட்ட பேச்சுக் கட்டுப்பாடுகளைத் தொகுத்துள்ளார். அவர்கள் மேற்சாதியார் முன் 'நான்' எனச் சொல்லலாகாது. 'அடியன்' என்றே சொல்லவேண்டும். தம் சோற்றைச் சோறு என்னாது 'கரிக்காடி' என்னவேண்டும். தம் பிள்ளைகளைக் குரங்குகள், கன்றுகள் என்று குறிக்கவேண்டும். சட்டம் அடிமைமுறையை முற்றிலும் ஒழித்தது 1855-இல்; நாவின் அடிமைமுறை அதன் பின்னரும் தொடர்ந்தது.

தாய்மொழியிலேயே தன்னைக் குறிக்கும் சொல் மறுக்கப்பட்ட ஒருவன், ஆங்கிலப் பாடத்தின் முதல் ஏட்டில் 'ஐ' என்றும் 'யூ' என்றும் கற்கிறான். அரசனுக்கும் ஆண்டிக்கும் அங்கே ஒரே 'ஐ', ஒரே 'யூ'. இதனைக் கொண்டு ஆங்கிலேயர் ஆட்சி சமத்துவம் தந்தது எனக் கொள்ளுதல் பிழையாகும். துரை, சார் என்னும் புதிய பணிவுச் சொற்களையும் அவ்வாட்சியே கொணர்ந்தது. ஆயினும் 'நான்' எனத் தொடங்கி ஒரு வாக்கியத்தைத் தலைநிமிர்ந்து முடிப்பது இலக்கணப் பயிற்சி மட்டுமன்று. அச்சிறுவனுக்கு அது மானத்தின் பயிற்சி. உரையாடல் வழிக் கல்வியின் பொருளை இந்நாட்டில் இவ்வாறு தான் அளவிட வேண்டும்.

பிற்கால முயற்சிகள்

1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்தது. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, அவர் மேலும் பலரைப் பயிற்றுவிப்பது திட்டம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் வகுப்பறையில் வாக்கிய அமைப்புகளை ஒருங்கே ஓதும் பயிற்சி எளிதில் மற்றொரு நிகண்டாகிவிடக் கூடியது. "இது ஒரு புத்தகம்" என்று நாற்பது பிள்ளைகள் கூவும்போது, அது புத்தகமா என்று ஐயுற்றவர் எவருமில்லை. விடைக்கு வேலையும் இல்லை.

இக்குறையை உணர்ந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் மாற்றுவழியொன்றைச் சோதித்தார். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லுதல், கால அட்டவணையிலிருந்து விடை காணுதல் போன்ற பணிகளை மாணவர்க்குக் கொடுத்தார். கருத்து பொருளில் நிலைக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. சிலேட்டில் படம் வரைந்து வாதிட்ட இளவரசரின் முறையும் இதனின் வேறன்று.

பயன்

பேச்சில் வந்த சொற்கள் இம்மண்ணில் எவ்வாறு தமிழ் உருக்கொண்டன என்பதும் கருதத்தக்கது. சிலேட்டு, பெஞ்சு, நோட்டு என்பன காதால் வந்தவை. தமிழின் உகரத்தைப் பெற்றுத் தமிழாகவே உலவுகின்றன. ஏட்டில் மட்டும் கண்ட சொற்கள் தேர்வு முடிந்ததும் மறைந்தன.

தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காப்பியத்தைத் தழுவி ஆசிய ஜோதி பாடினார். பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியே உமர்கய்யாமையும் தமிழாக்கினார். ஆங்கிலச் சொல்லை அவர் விழுங்கி ஒப்பிக்கவில்லை. எதிரே அமரவைத்துத் தமிழில் மறுமொழி கூறினார். உரையாடலின் மிக உயர்ந்த வடிவம் அது.

இன்று நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்போர் எத்தனை சொல் கற்பித்தோம் என எண்ணுவதோடு அமையாது, எத்தனை முறை அவர்களைப் பேசவிட்டோம் எனவும் எண்ணுதல் வேண்டும். மறுமொழி கூற அஞ்சாத பிள்ளையே எம்மொழியையும் கற்கும். தமிழையும் அவ்வாறே கற்கும்.