தோட்டத்து லயத்தைப் பாதுகாக்கவும் ஒரு மேற்படிப்பு

நெகிரி செம்பிலான் சுவா வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை ஆகியவை சத்தமில்லாமல் மறைகின்றன. 'பழைய பலகை வீடுதானே, இதுல என்ன இருக்கு?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் படிப்புதான் பாரம்பரியப் பாதுகாப்பு முதுகலை.

என்ன படிப்பார்கள்?
கட்டடத்தை அளந்து வரைதல், மரம், சுண்ணாம்பு ஆகியவற்றின் பழுதறிதல், வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தல், சட்டம்.

எங்கே படிக்கலாம்?
அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1964-இலேயே இதைத் தொடங்கியது. பக்கத்தில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பாதுகாப்பு முதுகலை உண்டு. மலேசியாவில் கட்டடக்கலை, வரலாற்றுத் துறைகளில் ஆய்வு வழியாகவும் இதைத் தொடலாம்.

'நான் ஆர்க்கிடெக்ட் இல்லையே?'
கவலை வேண்டாம். வரலாறு, மானிடவியல் படித்தவர்களும் இத்துறையில் இருக்கிறார்கள். சேர்க்கைத் தகுதி இடத்துக்கு இடம் மாறும். முதலில் கேட்டுப் பாருங்கள்.

படித்து என்ன பயன்?
தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005-இன்படி, தேசியப் பாரம்பரியப் பட்டியலுக்கு எவரும் அமைச்சரிடம் பரிந்துரைக்கலாம். ஆனால் 'எங்க தாத்தா வாழ்ந்த இடம்' என்பது மட்டும் போதாது. ஆண்டு, வரைபடம், படம், சாட்சி எல்லாம் வேண்டும். அதைத் திரட்டத்தான் இந்தப் படிப்பு கற்றுத் தருகிறது.

பட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பால்மரம் வெட்டிய பாட்டி இருந்தால், இன்றே கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். லயத்தை உடைத்தாலும் படம் இருந்தால் வரைந்துவிடலாம்; பாட்டியின் நினைவுக்கு நகல் கிடையாது.