முதுகில் போட்ட ஊசி: எபிடியூரலின் கதை

பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் ஊசிதான் எபிடியூரல். இதய நோயோ ரத்தக் கொதிப்போ உள்ள கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் முறை பிரசவத்துக்கு வந்ததே அப்படிப்பட்ட ஒரு தாய்க்காகத்தான்.

தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே ஒரு சிறிய இடைவெளி உண்டு. 1901ல் பாரிஸில் சிக்கார், கத்தலீன் என்ற இருவர் முதுகின் அடிப்பகுதி வழியாக அங்கே மருந்து செலுத்தினார்கள். 1921ல் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடல் பாகேஸ் இடுப்புப் பகுதி வழியாக அதைச் செய்து காட்டினார். ஆனால் ஒரு முறை போட்ட மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். பிரசவ வலி அதற்குள் முடிந்துவிடுமா?

1942 ஜனவரியில், நியூயார்க்கின் ஸ்டேடன் தீவில் இருந்த மாலுமிகள் மருத்துவமனைக்கு ஒரு கர்ப்பிணி வந்தார். அவருக்கு ருமாட்டிக் இதய நோய். பிரசவ வலியையும் அந்த இதயம் தாங்காது, முழு மயக்கத்தையும் தாங்காது என்று மருத்துவர்கள் கருதினார்கள். ராபர்ட் ஹிங்சனும் எட்வர்ட்ஸும் அடிமுதுகில் குத்திய ஊசியை எடுக்காமல், அதன் வழியே திரும்பத் திரும்ப மருந்து கொடுத்தார்கள். சிசேரியன் நடந்தது. தாயும் பிழைத்தார், சேயும் பிழைத்தது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. இந்த மருந்து ரத்தக் குழாய்களை விரியச் செய்து ரத்த அழுத்தத்தை இறக்கும். இதய வால்வு மிகவும் சுருங்கியவருக்குத் திடீர் இறக்கம் உயிருக்கே ஆபத்து. கடுமையான கர்ப்பகால ரத்தக் கொதிப்பில் ரத்தத் தட்டணுக்கள் குறையலாம். அப்போது ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டி, தண்டுவடத்தை அழுத்தி, கால்கள் செயலிழக்கக்கூடும்.

மருந்தின் அளவும் ஒரு பாடம் கற்பித்தது. புபிவகெய்ன் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் இதயமே நின்றுவிடலாம் என்று 1979ல் ஜார்ஜ் ஆல்பிரைட் எச்சரித்தார். 1984ல் அமெரிக்க அரசு அதன் 0.75 சதவீதக் கரைசலைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியை விலக்கிக்கொண்டது. பிறகு குறைந்த செறிவு, முதலில் சிறிதளவு கொடுத்துப் பார்ப்பது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என்ற கவனம் பெருகியது.

முழு மயக்கம் மட்டும் பாதுகாப்பானதா? அதில் மூச்சுக்குழாயில் குழாய் செருக முடியாமல் போகலாம், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம். அதனால்தான் இதயம், ரத்த அழுத்தம், தட்டணு எண்ணிக்கை இவற்றை மயக்கவியல் மருத்துவர் பிரசவ நாளுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஸ்டேடன் தீவில் அந்தத் தாயைக் காப்பாற்றியதும் அவர் இதயத்தின் நிலை அறிந்து எடுத்த முடிவுதான்.