ஹிரோஷிமாவில் இருந்த முஸ்லிம் மாணவர்கள்

ஹிஜ்ரி 1364-ஆம் ஆண்டு, ஷஃபான் மாதத்தின் இறுதி நாட்கள். ரமலான் பிறையை எதிர்நோக்கி முஸ்லிம் உலகம் காத்திருந்தது. ஆங்கிலக் கணக்கில் அன்று 1945, ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை எட்டேகால் மணிக்கு ஜப்பானின் ஹிரோஷிமா நகர்மீது அமெரிக்க விமானம் அணுகுண்டை வீசிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். மூன்று நாட்களுக்குப் பின் நாகசாகியில் வீசப்பட்ட குண்டுக்கு 70,000-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

இச்செய்தியைப் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்திருக்கிறோம். ஆனால் அன்று ஹிரோஷிமாவில் மலாயா, புருனை, இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து சென்ற முஸ்லிம் மாணவர் சிலரும் இருந்தனர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

கல்வி கற்கச் சென்றவர்கள்

உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவைக் கைப்பற்றிய ஜப்பான், தனக்கு இணக்கமான நிர்வாகிகளை உருவாக்க விரும்பியது. அதற்காக 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் அந்நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துத் தன் நாட்டுக்கு அழைத்துச் சென்றது. அவர்களுள் சிலர் 1945-இல் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தில் பயின்றனர். மோட்டோயாசு ஆற்றங்கரையில் அவர்களது விடுதி இருந்தது. குண்டு வெடித்த இடத்துக்கும் அதற்கும் ஒரு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.

பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரஸாக் அவ்வேளையில் வகுப்பறையில் இருந்தார். இடிந்து விழுந்த கட்டடத்திலிருந்து அவர் உயிர் தப்பினார். புருனையின் பெங்கிரான் யூசுஃபும் தப்பினார். எஞ்சிய மாணவர்கள் பல்கலைக்கழக மைதானத்தில் திறந்த வெளியில் தங்கி, காயமுற்ற ஜப்பானியருக்குத் தம்மால் இயன்ற உதவிகளைச் செய்தனர்.

கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசுஃப் பிழைக்கவில்லை. ஹிரோஷிமாவின் புறப்பகுதியில், ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் அவரது கப்ர் இருக்கிறது. ஜொகூரைச் சேர்ந்த செய்யிது உமர் வெளிக்காயங்களிலிருந்து தேறியவர்போல் தோன்றினார். தோழர்களுடன் டோக்கியோவுக்குப் புறப்பட்டார். ஆனால் கதிரியக்கம் அவர் உடலுக்குள் தன் வேலையைத் தொடர்ந்து கொண்டிருந்தது. வழியில் நோய் முற்றிக் கியோட்டோ நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செப்டம்பர் முதல் வாரத்தில், நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, அங்கேயே காலமானார். பின்னாளில் அந்நகர மக்கள் எங்கோஜி ஆலயத்தில் இஸ்லாமிய முறைப்படி அவருக்கு ஒரு கப்ரை அமைத்தனர். போர் மூட்டிய பகையை அச்சாதாரண மக்களின் பரிவு வென்றது எனலாம்.

மௌனம் கலைந்தது

அணுகுண்டுக்குத் தப்பியவர்களை ஜப்பானியர் 'ஹிபாகுஷா' என்பர். முதல் பத்தாண்டுகள் அவர்களுக்கு மௌனத்தின் காலம். குண்டின் கொடுமையை எழுத அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடை விதித்திருந்தது. தழும்பேறிய முகத்தினருக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. பிறக்கும் குழந்தைக்கும் நோய் வருமோ என்று அஞ்சிப் பலர் அவர்களோடு திருமணத் தொடர்பையே தவிர்த்தனர்.

1954, மார்ச் 1-ஆம் நாள் பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடத்தியது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகிலிருந்த 23 பேர்மீது படிந்தது. அவர்களுள் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நாடு கொதித்தெழுந்தது. டோக்கியோவின் ஒரு பகுதியில் இல்லத்தரசிகள் முன்னின்று நடத்திய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி, ஓராண்டில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைப் பெற்றது. 1956, ஆகஸ்டில் நாகசாகியில் கூடிய ஹிபாகுஷாக்கள் 'நிஹோன் ஹிடாங்க்யோ' என்ற கூட்டமைப்பை நிறுவினர். பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம், அணு ஆயுதங்களுக்கு முடிவு: இவ்விரண்டே அவர்களது கோரிக்கைகள்.

எல்லை வகுத்த சட்டம்

1957-இல் மருத்துவ உதவிச் சட்டம் பிறந்தது. 1968-இல் உதவித்தொகைச் சட்டமும் வந்தது. ஆயினும் அந்த உதவி ஜப்பானின் எல்லையோடு நின்றுவிட்டது. ஜப்பானை விட்டு வெளியேறினால் உதவித்தொகை பெறும் உரிமை போய்விடும் என்று 1974-இல் சுற்றறிக்கை ஒன்றும் வெளியாயிற்று. குண்டு வீழ்ந்த வேளையில் அங்கிருந்த பல்லாயிரம் கொரியரும், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வாழ்ந்த பழைய மாணவரும் இந்த வேலிக்கு வெளியே நின்றனர். கதிரியக்கம் எவருடைய நாட்டையும் கேட்கவில்லை, நிவாரணமோ கேட்டது!

இந்த வேலியை நீதிமன்றங்களின் வழியே தகர்த்தவர்கள் கொரிய ஹிபாகுஷாக்கள். சிகிச்சைக்காக அனுமதியின்றி ஜப்பானுக்குள் நுழைந்து கைதான சோன் ஜின்-து என்பவருக்கும் மருத்துவ உரிமை உண்டு என 1978-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றொரு கொரியர் தொடுத்த வழக்கு 2002-இல் வெற்றி பெற்றதன் பயனாக, அடுத்த ஆண்டே அந்தச் சுற்றறிக்கை நீக்கப்பட்டது. குண்டு விழுந்து அப்போது 57 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அதற்காகக் காத்திருந்தே கண்மூடியவர் எத்தனை பேரோ!

தப்பிய மாணவர்கள் தத்தம் நாட்டுக்கு அருந்தொண்டாற்றினர். பெங்கிரான் யூசுஃப் புருனையின் தேசிய கீதத்தை இயற்றினார். அந்நாட்டின் முதலமைச்சராகவும் விளங்கினார். தம்மைக் குண்டுக்கிடையே நிறுத்திய அந்நாட்டின் மொழியையே அப்துல் ரஸாக் மலேசிய இளைஞர்களுக்குக் கற்பித்தார். 2013-இல் மறையும் வரை ஹிரோஷிமாவில் தாம் கண்டதை எடுத்துரைத்து வந்தார்.

சாட்சியம் உடன்படிக்கையானது

2017, ஜூலை 7 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் அணு ஆயுதத் தடை உடன்படிக்கையை 122 நாடுகள் ஆதரித்தன. அதன் முகவுரையில் ஹிபாகுஷாக்களின் துன்பம் பெயர் சுட்டியே குறிக்கப்பட்டுள்ளது. 2021-இல் அது நடைமுறைக்கு வந்தது. நிக் யூசுஃபையும் செய்யிது உமரையும் இழந்த மலேசியா அதை 2020-இல் உறுதி செய்தது. இந்தோனேசியா 2024-இல் செய்தது. அதே ஆண்டு ஹிடாங்க்யோவுக்கு நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் கையொப்பமிடவில்லை. அவற்றுள் நம் இந்தியாவும் ஒன்று; பாகிஸ்தானும் ஒன்று. குண்டு விழுந்த ஜப்பானும்கூட ஒதுங்கியே நிற்கிறது. ஜப்பான் அரசின் பதிவேட்டிலுள்ள ஹிபாகுஷாக்களின் எண்ணிக்கை 2025-இல் ஒரு லட்சத்துக்கும் கீழே குறைந்தது. அப்போது அவர்களது சராசரி வயது 86. நேரில் கண்டு சொல்லும் நாவுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன.

பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்து கல்வி கற்கச் சென்ற அவ்விரு இளைஞரின் கப்ர்களும் அந்நிய மண்ணில் உள்ளன. எவருடைய பகைக்காகவோ வீசப்பட்ட குண்டு அவர்களது உயிரைப் பறித்தது. நாளை வேறொரு குண்டு விழுமாயின், அதன் கீழே நம் வீட்டுப் பிள்ளையும் பாடம் படித்துக் கொண்டிருக்கலாம். ஹிபாகுஷாக்கள் எழுபதாண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி இதுவே. அவர்கள் மறைந்த பின்னும் அதைச் சொல்லும் பொறுப்பு, கேட்டறிந்த நம்மைச் சேரும்.