தலையைக் காட்டிய மீனுக்கும் பங்கு உண்டா?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா பையனோடு ஒரு சண்டை. சொத்துத் தகராறு எல்லாம் இல்லை. போகிமான் விளையாட்டில் சண்டையே போடாத பிராணிக்கும் அனுபவப் புள்ளி கொடுப்பது நியாயமா, இல்லையா என்பதுதான் விவகாரம். அவனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. "உங்க காலத்துல கஷ்டப்பட்டீங்கன்னா நாங்களும் கஷ்டப்படணுமா மாமா?" என்று கேட்டுவிட்டான். அக்கா சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

புனேவுக்குத் திரும்பி வந்ததும், ஆணி பிடுங்குவதற்கு நடுவே, இந்தப் புள்ளிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். பார்த்ததை எழுதி வைக்கிறேன். விளையாட்டே தெரியாதவர்களுக்கும் புரியும், பயப்பட வேண்டாம் :-)

ஆரம்பம் 1974. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கணினி கிடையாது. மேஜையைச் சுற்றி நாலு பேர், பகடை, பென்சில், தாள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி. பாதாளக் குகைக்குள் இறங்கிப் புதையலை எடுத்துக்கொண்டு உயிரோடு திரும்ப வேண்டும். திரும்பினால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த படி.

இதில் இன்று பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. புள்ளியில் பெரும்பங்கு வந்தது கொலையிலிருந்து இல்லை, பொன்னிலிருந்து. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அரக்கனைக் கொன்றாலும் புள்ளி உண்டுதான், ஆனால் அவன் தூங்கும்போது பின்பக்கமாகப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தவனுக்குத்தான் லாபம் அதிகம். சண்டையைத் தவிர்ப்பதும் அனுபவம் என்று அந்தக் கணக்கு சொன்னது.

அந்த முதல் பதிப்பிலேயே இன்னும் இரண்டு விதைகள் இருந்தன. ஒன்று, எல்லோருக்கும் ஒரே ஏணி கிடையாது. இரண்டாம் படிக்குப் பூசாரிக்கு 1,500 புள்ளி போதும், வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. இரண்டு, பெரிய ஆள் சின்ன இடத்தில் புகுந்து வாரிக்கொண்டு போகக் கூடாது. எட்டாம் படி மந்திரவாதி ஐந்தாம் தளத்தில் திரிந்தால் அவருக்கு எட்டில் ஐந்து பங்குதான். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1981-ல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' என்று இரண்டு விளையாட்டுகள் ஆப்பிள் கணினிக்கு வந்தன. இந்த இரண்டிலும் மனதைப் பறிகொடுத்தவர் ஜப்பானின் யூஜி ஹோரீ. 1986-ல் அவர் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியில், சின்னப் பையன்களும் புரிந்துகொள்ளும்படி. அதில் மிக எளிய எதிரி ஸ்லைம் என்ற நீல நிறக் கொழகொழ உருண்டை. அதை அடித்தால் 1 புள்ளி. இரண்டாம் படிக்கு 7 புள்ளி. ஏழு உருண்டை, ஒரு படி. பாட்டிக்கும் விளங்கும் கணக்கு.

ஆனால் இந்தப் பயணத்தில் ஒன்று தொலைந்து போனது. மேஜையில் நடுவராக ஒரு மனிதர் இருந்தார். 'நீ செய்த தந்திரம் நன்று, இந்தா' என்று பார்த்துக் கொடுக்க அவரால் முடியும். கணினிக்கு எண்ணத்தான் தெரியும். எண்ணுவதற்கு மிகச் சுலபமானது செத்த எதிரி. பொன் கடைச் செலவுக்கு என்று தனியாகப் பிரிந்துவிட்டது. அனுபவம் என்றால் வீழ்த்தியவர்களின் எண்ணிக்கை என்று ஆகிப்போனது.

அடுத்து, எதிரியையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டுகள். 1987-ல் அட்லஸ் செய்து நாம்கோ வெளியிட்ட 'மெகாமி டென்செய்' இதில் முன்னோடி. பேய்களோடு பேரம் பேசி நம் பக்கம் இழுக்கலாம். ஆனால் சேர்ந்த பேய் வளராது! புள்ளியெல்லாம் மனிதர்களுக்குத்தான். பேய் பழசாகிவிட்டால் இரண்டு பேய்களை உருக்கி ஒன்றாக்கிப் புதுசு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி நிலைமை. 1992-ல் 'டிராகன் குவெஸ்ட் 5' வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. தோற்ற எதிரிகளில் சில எழுந்து வந்து நம்மோடு சேரும். சேர்ந்தபின் அவற்றுக்கும் அனுபவம் ஏறும்.

பிறகு 1996 பிப்ரவரி 27. சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி என்பவரின் கேம் ஃப்ரீக் நிறுவனம், கேம்பாய்க்கு 'போகிமான்' சிவப்பு, பச்சை என்ற இரட்டை விளையாட்டை வெளியிட்டது. 151 பிராணிகள். இதில் அனுபவம் மனிதனுக்குக் கிடையாது, பிராணிக்கு மட்டும். மெகாமி டென்செய்யின் நேர் எதிர்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் அடிப்படை எண் உண்டு. தோற்ற பிராணியின் அடிப்படை எண்ணை அதன் படியால் பெருக்கி, 7-ஆல் வகுக்க வேண்டும். பின்னத்தை வெட்டிவிட வேண்டும். தோற்றது காட்டுப் பிராணியாக இல்லாமல் இன்னொரு பயிற்சியாளருடையதாக இருந்தால் ஒன்றரை மடங்கு.

உதாரணம் பார்ப்போம். பிட்ஜி என்ற குருவியின் அடிப்படை எண் 55. மூன்றாம் படி பிட்ஜி என்றால் 165-ஐ ஏழால் வகுத்து 23 புள்ளி. நமக்கு ஆரம்பத்தில் கொடுக்கும் பிராணி ஐந்தாம் படியில் 135 புள்ளியோடு இருக்கும். ஆறாம் படிக்கு 179 வேண்டும். பாக்கி 44. ஆக, இரண்டு குருவி, ஒரு படி. விளையாட ஆரம்பித்த ஐந்து நிமிஷத்தில் ஒரு குட்டி வெற்றி.

அதே பிராணி 99-ஆம் படியிலிருந்து 100-க்கு ஏற 32,757 புள்ளி வேண்டும். அதே குருவிகளை அடித்தே ஏறுவது என்றால் 1,425 குருவி. தடை எதுவும் இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

டஞ்சன்ஸ் காலத்துப் பல ஏணிகள் இங்கேயும் வந்தன. 100-ஆம் படிக்குச் சில பிராணிகளுக்கு 8 லட்சம் புள்ளி. சிலவற்றுக்கு 10 லட்சம். நம் ஆரம்பப் பிராணிகளுக்கு 10,59,860. மெதுவாக வளர்பவற்றுக்கு 12.5 லட்சம். இதில் ஆரம்பப் பிராணிகளின் சூத்திரத்தில் ஒரு வேடிக்கை. ஒன்றாம் படிக்கு அதைப் போட்டுப் பார்த்தால் விடை கழித்தல் 54 என்று வரும். அந்த விளையாட்டில் புள்ளியைச் சேமிக்கும் இடத்துக்குக் கழித்தல் குறியே தெரியாது. ஆகவே 1,67,77,162 என்று எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக அந்தப் பிராணிகள் ஒன்றாம் படியில் கிடைக்காததால் யாரும் கவனிக்கவில்லை. பிழைகளைப் பிடித்துத் தொங்கி அப்படி ஒன்றை வரவழைத்தவர்கள், அதற்கு 54-க்குக் குறைவான புள்ளி கொடுத்ததும் அது நேராக 100-க்குத் தாவுவதைப் பார்த்தார்கள். பொட்டி தட்டும் என் போன்றோருக்கு இது கண்ணில் நீர் வரவழைக்கும் பிழை. நானும் இதே போல் ஒன்றைச் செய்திருக்கிறேன். அது கம்பெனி ரகசியம்.

சரி, சண்டைக்கு வருவோம். பங்கு.

1996-ன் விதி: ஒரு சண்டையில் இரண்டு பிராணிகள் தலையைக் காட்டியிருந்தால் புள்ளி இரண்டாகப் பிரியும். அந்தக் குருவியின் 23, ஆளுக்கு 11 ஆகும். மிச்சம் ஒன்று காற்றோடு போகும். எத்தனை அடி கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் இறங்கி, ஒரு அடியும் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாலும், மயங்கி விழாமல் இருந்தால் பங்கு உண்டு.

நான் புனே வந்த புதிதில், 2005-ல், அறைத்தோழன் ஒருவனிடம் கேம்பாய் அட்வான்ஸ் இருந்தது. அதில் 2004-ல் வந்த மறுபதிப்பு, 'ஃபயர் ரெட்'. மலையடிவாரத்தில் ஒருவன் 500 ரூபாய்க்கு (அந்த ஊர்க் காசுதான்) மேஜிகார்ப் என்ற மீனை விற்பான். ஐந்தாம் படி மீன். அதற்குத் துள்ள மட்டுமே தெரியும். துள்ளினால் எதுவும் நடக்காது. ஆனால் இருபதாம் படியில் அது கயரடோஸ் என்ற கடல் நாகமாக மாறும். இருபதாம் படிக்குச் சரியாக 10,000 புள்ளி வேண்டும். கையில் இருப்பது 156. பாக்கி 9,844.

அத்தனையையும் தலையைக் காட்டியே சம்பாதிக்க வைத்தேன். மீனை இறக்கு, உள்ளே கூப்பிடு, நல்ல பிராணியை விடு, பாதிப் புள்ளி வாங்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலில், குண்டக்கல் தாண்டி எங்கேயோ அது மாறியது. பக்கத்து சீட்டுப் பெரியவர் 'என்ன தம்பி, வேலை கிடைச்சிருச்சா?' என்று கேட்கும் அளவுக்கு முகத்தில் சிரிப்பு.

இந்த விதியைத்தான் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 2010-ல் வந்த 'பிளாக்', 'வொய்ட்' பதிப்புகளில் படி வித்தியாசமும் கணக்கில் சேர்ந்தது. நூறாம் படி ஆள் மூன்றாம் படிக் குருவியை அடித்தால், சமபலமான ஆளுக்குக் கிடைப்பதில் மிகச் சிறு பங்குதான் தேறும். 1974-ன் எட்டில் ஐந்து பங்கு விதி 36 வருஷம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

2013-ல் 'எக்ஸ்', 'ஒய்'. பெரிய மாற்றங்கள் இங்கேதான். முதலாவது, பிராணியைப் பிடித்தாலும் அனுபவம். யோசித்துப் பாருங்கள்: பிடித்துச் சேர்ப்பதே வேலை என்ற விளையாட்டில், 17 வருஷமாகப் பிடித்ததற்குப் புள்ளி பூஜ்யம், அடித்து மயக்கினால்தான் புள்ளி! தூங்கும் அரக்கனிடம் பெட்டியைத் தூக்கியவனின் நியாயம் ஒருவழியாகத் திரும்பி வந்தது. இரண்டாவது, புள்ளி பிரிவது நின்றது. சண்டையில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் முழுசாக. 'எக்ஸ்ப் ஷேர்' என்ற கருவியைப் போட்டுவிட்டால், பையிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பாதி. முதல் பதிப்பிலும் எல்லோருக்கும் பங்கு தரும் கருவி ஒன்று இருந்தது. ஐம்பது வகைப் பிராணி பிடித்தவருக்குத்தான் தருவார்கள், அதுவும் இருப்பதைத்தான் பிரித்துக் கொடுக்கும். 2019-ல் 'சோர்ட்', 'ஷீல்ட்' வந்தபோது கருவியே போய்விட்டது. எல்லோருக்கும் எப்போதும் பங்கு, நிறுத்த வழியில்லை.

அக்கா பையனிடம் இருப்பது 'சோர்ட்'. "இது அநியாயம்டா, வேர்வை சிந்தாதவனுக்கு எதுக்குக் கூலி?" என்றேன். அவன் என் மீன் கதையை நூறு தடவை கேட்டவன். நிதானமாகக் கேட்டான்: "உங்க மீனு மட்டும் என்ன மாமா செஞ்சுது? தலையைக் காட்டிட்டு ஓடித்தானே போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்த வருஷத்தில் மீன் நான்தான். கல்லூரி முடித்துவிட்டு வந்து, இந்தியும் மராத்தியும் தெரியாமல், இங்கிலீஷும் தடுமாற, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். ஒரு சீனியர் வாடிக்கையாளர் அழைப்பு ஒவ்வொன்றிலும் என்னை உட்கார வைப்பார். 'சும்மா பேரைச் சொல்லு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்' என்பார். பேரைச் சொல்வேன். பிறகு மியூட். அவர் அடித்து ஆடுவார். மாத அறிக்கையில் இருவர் பெயரும் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து என் ரெஸ்யூமேயில் 'இரண்டு வருஷ அனுபவம்' என்று எழுதினேன். அதில் எத்தனை மாசம் துள்ளல் மட்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகவே பையனிடம் தோல்வியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பாதிதான். பழைய கணக்கில் மீன் வாங்கிய ஒவ்வொரு புள்ளியும் சண்டை போட்ட பிராணியின் பங்கிலிருந்து போனது. அது 23 வாங்க வேண்டிய இடத்தில் 11 வாங்கியது. அது ஏற வேண்டிய படி தள்ளிப்போனது. புதுக் கணக்கில் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் கொடுத்தவர் என்று ஒருவர் அதில் இல்லை.

என் சீனியருக்கு அந்த வருஷம் பிரமோஷன் ஒரு சுற்றுத் தள்ளிப்போனது. என்னை இழுத்துக்கொண்டு நடந்ததால் அவர் வேலை மெதுவானது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது என் டீமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், மதுரைப் பக்கம். நாளைக்கு பத்து மணிக்கு ஒரு கால் இருக்கிறது. பேரை மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.