கலாத் மேட்டுநிலத்தின் பிராகுயி

பாகிஸ்தானின் பலுச்சிஸ்தான் மாகாணத்தில், கலாத் நகரை நடுவாகக் கொண்டு வடக்கே சராவான் என்றும் தெற்கே ஜலாவான் என்றும் விரியும் வறண்ட மேட்டுநிலமே பிராகுயி மொழியின் தாயகம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் இம்மொழிக்கு நெருங்கிய உறவினவாகக் கருதப்படும் குருக்கும் மால்தோவும்கூட 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால், கிழக்கிந்தியாவில்தான் வழங்குகின்றன.

இதன் திராவிடத் தொடர்பை 1844-இல் கிறிஸ்டியன் லாசன் சுட்டிக்காட்டினார்; ஆங்கிலேய அதிகாரியான டெனிஸ் பிரே 1909-இல் வெளியிட்ட இலக்கணம் அதனை ஐயமின்றி நிறுவியது. சொற்களில் ஏறக்குறைய ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கே திராவிட மூலத்தவை. எண்ணுப்பெயர்களில்கூட முதல் மூன்று மட்டுமே சொந்தமானவை, நான்கு முதல் ஈரானிய வழக்கைத் தழுவியவை. ஆயினும் 'நீ' என்னும் முன்னிலைப் பெயர் அப்படியே நிற்கிறது. பழந்தமிழின் 'செய்யேன்', 'வாரேன்' போல எதிர்மறைப் பொருள் வினைக்குள்ளேயே அமைந்து, இடத்துக்கேற்ற விகுதியும் பெறுகிறது. கடன்பட்டது சொற்களஞ்சியமே, மொழியின் எலும்புக்கூடு கைவிடப்படவில்லை.

சிந்துவெளி நாகரிகத்தின் எச்சமாக இம்மொழியைக் காட்டுவது தமிழ் எழுத்துலகில் வேரூன்றிய வழக்கம். ஆனால் பிராகுயியில் உள்ள ஈரானியக் கடன்சொற்கள் பெரும்பாலும் பலூச்சி வழியாக வந்தவை என்பதையும், பழைய ஈரானிய மொழிகளின் தடயம் அதில் தென்படவில்லை என்பதையும் கொண்டு, இம்மக்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடு இந்தியாவிலிருந்து பெயர்ந்தவர்கள் என மொழியியலாளர் ஜூல் பிளாக்கும், பின்னர் எல்ஃபன்பைனும் வாதிட்டனர். அத்தகைய பெயர்ச்சிக்கு வரலாற்று ஆவணம் ஏதும் இல்லாமையால் விவாதம் முடியவில்லை. எனினும் தொன்மைக்கான சாட்சியாக மட்டும் அம்மொழியை அழைப்பது, அதைப் பேசுவோர் தாமே படைத்த வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பதே வருந்தத்தக்கது.

அவ்வரலாறு கலாத் கானரசைச் சுற்றியது. 1666-இல் மீர் அகமது கான் நிலைநிறுத்திய அவ்வரசு, பிராகுயி, பலூச்சிக் குலங்கள் இரண்டும் இணைந்த குலக்கூட்டணியாக இயங்கியது. சிந்துவை ஆண்ட கல்ஹோராக்களுடன் நடந்த போரில் கான் மீர் அப்துல்லா கொல்லப்பட்டதற்கு ஈடாக, 1740-இல் ஈரானிய மன்னர் நாதிர் ஷா கச்சிச் சமவெளியைக் கலாத்துக்கு வழங்கினார். குளிர்காலத்தில் மேட்டுநில மேய்ப்பர்கள் மந்தைகளுடன் இறங்கித் தங்கிய வெப்பநிலம் அதுவே ஆதலால், அக்கொடையின் பயன் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. 1749 முதல் 1794 வரை ஆண்ட முதலாம் நசீர் கான் காலத்தில் அரசு உச்சம் எட்டியபோதும் அரசவையின் எழுத்துமொழி பாரசீகமே. மக்களோ வீட்டில் பிராகுயியும் வெளியில் பலூச்சியும் பேசினர்; குலம் மாறியவர் மொழியும் மாறினர். இன்றும் பிராகுயி பேசுவோருள் பலர் தம்மைப் பலூச்சினத்தவராகவே கருதுவதற்கு இக்கூட்டுவாழ்வே காரணம்.

எழுத்து வழக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாதரில் மௌலானா முகம்மது ஃபாசில் தொடங்கிய துர்கானி சமயக்கல்வி மரபினால் வேகம் பெற்றது. கிறித்தவப் பரப்புரைக்கு எதிராக அங்கிருந்த அறிஞர்கள் அரபு-பாரசீக எழுத்தில் நூல்களை இயற்றி அச்சிட்டனர். 1960-இல் நூர் முகம்மது பர்வானா மஸ்துங்கிலிருந்து 'ஈலும்' என்னும் இதழைத் தொடங்கியபின், சமயத்துக்கு வெளியேயும் கதையும் கவிதையும் அம்மொழியில் வளர இடம் கிடைத்தது.