வரப்பு ஆமணக்கும் பிரேக் ஆயிலும்

பெருந்துறை சுற்றுவட்டத்தில் மஞ்சள் காட்டு ஓரத்திலும் கடலைக்காட்டு வரப்பிலும் ஆமணக்கு ஊன்றுவது வழக்கம். எங்கள் அப்பாரு காலத்தில் ஆமணக்கு விதையான கொட்டமுத்தை வறுத்து, இடித்து, காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய் விளக்குக்கும் வயிற்றுக்கும் ஆனது. வைக்கோல் கரியோடு குழைத்தால் மாட்டுவண்டி அச்சுக்கு மை. அதே எண்ணெய்தான் கார்களின் பிரேக் குழாய்க்குள்ளும் பல காலம் ஓடியது. கோவை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதில் தனிப் பெருமை. வேலை கற்க வரும் பையன்களுக்குப் பிரேக் வேலையை இங்கிருந்துதான் தொடங்குவேன்.

குழாயில் ஆயில் ஓடும் பிரேக் வருவதற்கு முன்பெல்லாம் கம்பியும் கேபிளும் இழுத்துப் பிடிக்கும் பிரேக். நான்கு சக்கரமும் ஒரே அளவில் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். குழாயில் அடைத்த திரவத்தை மிதித்து அழுத்தினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். அதை வைத்து அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் 1917-ல் காப்புரிமை வாங்கினார். 1921-ல் டூசன்பெர்க் காரில் அது வந்தது, 1924-ல் கிறைஸ்லரில் வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த தோல் கப்புக்குப் பதிலாக ரப்பர் கப் போட்டது கிறைஸ்லர்காரர்கள்தான். எந்த ஆயில் ஊற்றலாம் என்பதை அன்றிலிருந்து முடிவு செய்வது ரப்பர். என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கொழகொழத்துப் போகும். விளக்கெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது, வழுவழுப்பும் தரும். கெட்டியாக இருக்கிறதே என்று ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள்.

வினையும் அந்த ஆல்கஹாலில்தான் இருந்தது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பியூட்டனால் 117-ல். நம் பண்ணாரி - திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் தகிக்கும், அந்தச் சூடு வீல் சிலிண்டருக்கு ஏறும், உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இன்றும் மலையிறக்கத்தில் நடக்கும் பல விபத்துகளுக்குப் பின்னால் இந்த ஆவிதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொதிநிலையை உயர்த்தத்தான் கிளைக்கால் ஈதர் வகை ஆயில் வந்தது. ரப்பருக்கும் அது ஒத்துப்போனது. சென்னை பாடியில் டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கிய பிறகு, ‘டிவிஎஸ் கர்லிங்’ என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பழகிய பெயரானது. நான் தொழில் பழகியது அம்பாசிடரிலும் பியட்டிலும். ஒரு டிரைவர் அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்தார். கப் எல்லாம் உப்பி, பிடித்த பிரேக் விடவே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ்வரை அத்தனை ரப்பரையும் கழற்றிப் போட்டார் என் மேஸ்திரி. “ரப்பரக் கேட்டு ஊத்தோணும் கண்ணு” என்றார்.

கிளைக்காலுக்கும் ஒரு குணம் உண்டு, காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் தரங்கள் அதனால்தான் இரண்டு கொதிநிலை சொல்கின்றன. டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி, 3.7 சதவீதம் நீர் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பெரிய டின்னைத் திறந்து அலமாரியில் வைத்து, ஐப்பசி மழையிலும் அதிலிருந்தே ஊற்றிய பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆகவே ஆகாது. சீல் உடைக்காத சின்னப் பாட்டில்தான் வாங்குவேன். இரண்டு வருடத்துக்கொரு முறை பழையதை முழுக்க எடுத்துவிட்டு, புதிதூற்றி ஏர் எடுப்பேன்.

டாட் 3 கேட்கும் இன்றைய வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். 4 கேட்கும் வண்டிக்கு 3 ஊற்றக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் என்னும், சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு கட்டாயம். அதன் நுண்ணிய வால்வுகளில் ஆயில் வேகமாக ஓட வேண்டும் என்பதால், கம்பெனி எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுவேன். எண் பெரிது என்று டாட் 5 கேட்டு வருகிறார்கள். அது சிலிக்கோன், கிளைக்காலோடு கலக்காது, ஏபிஎஸ்ஸுக்கும் ஆகாது. அவர்களை வண்டிக்கே கூட்டிப்போய் ரிசர்வாயர் மூடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வேன்.