நேரு கோப்பை முதல் இன்டர்கான்டினென்டல் கோப்பை வரை: அழைப்புத் தொடர் கால்பந்து என்றால் என்ன? ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

உலகக் கோப்பையில் ஆடணும்னா தகுதிச் சுற்றைத் தாண்டணும். ஆசியக் கோப்பைக்கும் அதே கதைதான். ஆனால் தகுதிச் சுற்றே இல்லாமல், போட்டியை நடத்தும் நாடு கூப்பிட்டாலே போய் ஆடக்கூடிய தொடர்களும் உண்டு. மலேசியாவின் மெர்டேகா, தாய்லாந்தின் கிங்ஸ் கோப்பை, இந்தியாவின் நேரு கோப்பை எல்லாம் இந்த ரகம்தான்.

இதில் இந்தியா ஜெயிச்சா ஒரு பக்கம் 'சாம்பியன்' என்று கொண்டாட்டம், இன்னொரு பக்கம் 'வெறும் பிரண்ட்லி மேட்ச்தானே' என்று கிண்டல். யார் சொல்வது சரி? யார் வந்தாங்க, எந்தத் தேதியில் வந்தாங்க என்ற ரெண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

அர்ஜென்டினாவே வந்த காலம்

நேரு கோப்பை 1982-ல் கொல்கத்தாவில் தொடங்கியது. முதல் சாம்பியன் உருகுவே. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஹங்கேரி, போலந்து, சோவியத் யூனியன் என்று ஐரோப்பிய அணிகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயின. சோவியத் யூனியன் மட்டும் 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு முறை!

1984 தொடர்தான் இன்றும் பேசப்படுவது. கார்லோஸ் பிலார்டோ பயிற்சியில் அர்ஜென்டினா கொல்கத்தா வந்தது. மரடோனா வரவில்லை, அவர் அப்போது பார்சிலோனாவில். ஆனால் புருச்சாகா வந்தார். ரெண்டு வருஷம் கழித்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெற்றி கோல் அடித்த அதே புருச்சாகா. அந்த அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது 0-1 என்றுதான், கோல் அடித்தவர் ரிக்கார்டோ கரேக்கா. அதே தொடரில் சீனா அர்ஜென்டினாவையே 1-0 என்று கவிழ்த்தது தனிக்கதை.

கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, சிலிகுரி, கோவா என்று தொடர் ஊர் ஊராகப் போனது. 1993-ல் நம்ம சென்னைக்கும் (அப்போ மெட்ராஸ்) வந்தது. சாம்பியன் வட கொரியா. இத்தனை வருஷத்தில் இந்தியா ஒருமுறைகூட கோப்பையைத் தொடவில்லை. 1997-க்குப் பிறகு பத்து வருஷம் தொடரே நடக்கவில்லை.

இந்தியா ஜெயித்த மூன்று கோப்பை

2007-ல் டெல்லியில் தொடர் மறுபடி உயிர் பெற்றது. பாப் ஹவுட்டன் பயிற்சியில் இந்தியா இறுதிப் போட்டியில் சிரியாவை 1-0 என்று வென்றது. 2009-லும் எதிரணி சிரியாதான். இந்த முறை பெனால்டி ஷூட்அவுட் வரை போய், கோல்கீப்பர் சுப்ரதா பால் காப்பாற்றினார். 2012-ல் கேமரூனுடன் 2-2, மறுபடி ஷூட்அவுட், மறுபடி கோப்பை.

கேமரூனையே சாய்த்தோமா? ஸ்கோர் கார்டு அப்படித்தான் சொல்லும். ஆனால் வந்தது ஐரோப்பிய கிளப்களில் ஆடும் நட்சத்திரங்கள் இல்லாத அணி. அதற்காக அந்த வெற்றி சும்மா இல்லை. ரெண்டு முறை பின்னாலிருந்து வந்து சமன் செய்த அணியும் இல்லை, முன்னிலையை இழந்து, பின்தங்கி, சுனில் சேத்ரியின் பெனால்டியில் மீண்ட அணி. எதிரே நின்றது எந்த கேமரூன் என்பதையும் சேர்த்தே சொல்லணும், அவ்வளவுதான்.

நட்சத்திரங்கள் ஏன் வருவதில்லை?

காரணம் 'ஃபிஃபா விண்டோ'. வருஷத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும்தான் கிளப்கள் தங்கள் வீரர்களை நாட்டு அணிக்கு விட்டே ஆகணும். மற்ற நாட்களில் 'முடியாது' என்று சொல்லலாம். 2012 நேரு கோப்பையில் ஐந்து அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஆடி, பிறகு இறுதிப் போட்டி. இது ஒரு விண்டோவுக்குள் அடங்கவே அடங்காது. அத்துடன் நேரு கோப்பையும் நின்றுபோனது.

2018-ல் அந்த இடத்துக்கு இன்டர்கான்டினென்டல் கோப்பை வந்தது. மும்பையில் முதல் மேட்ச் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். சீன தைபேவை 5-0 என்று அடித்தும் கேலரி காலி. சேத்ரி வீடியோ போட்டு 'ஸ்டேடியத்துக்கு வாங்க' என்று கேட்டுக்கொண்டார், அடுத்த மேட்ச் டிக்கெட் மொத்தமும் தீர்ந்தது. 2018, 2023 தொடர்களில் நான்கு அணிகள். 2024 ஹைதராபாத்தில் மூன்றே அணி, ஆளுக்கு ரெண்டு மேட்ச், விண்டோவுக்குள் கச்சிதமாக அடக்கம். ஆனால் ஆட்டம்? மொரிஷியஸுடன் 0-0, சிரியாவிடம் 0-3.

தரவரிசைக்கு உதவுமா?

உதவும், கொஞ்சமாக. ஃபிஃபா கணக்கில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு எடை உண்டு. விண்டோவுக்கு வெளியே நடக்கும் நட்பு ஆட்டத்துக்கு 5, விண்டோவுக்குள் நடந்தால் 10, உலகக் கோப்பை தகுதிச் சுற்றுக்கு 25. சம பலமுள்ள ரெண்டு அணிகள் மோதினால், ஜெயித்தவருக்கு அந்த எடையில் பாதி கிடைக்கும்: 2.5, 5, 12.5. அழைப்புத் தொடர் எவ்வளவு பெரிய பெயரில் நடந்தாலும் இந்தக் கணக்கில் நட்பு ஆட்டம்தான். எதிரணி நம்மைவிட பலவீனம் என்றால் கிடைப்பது இன்னும் குறையும். டிரா ஆனால் கையில் இருப்பதும் போகும். மொரிஷியஸ் ஆட்டத்தில் இந்தியாவுக்கு நடந்தது இதுதான்.

2012 மாதிரி ஷூட்அவுட்டில் ஜெயித்தால்? இன்றைய விதிப்படி அது முழு வெற்றி இல்லை, முக்கால் வெற்றி. சம பலமுள்ள அணி, விண்டோவுக்குள் ஆட்டம் என்றால் ஜெயித்தவருக்கு 2.5 புள்ளி. தோற்றவருக்கு அது டிரா கணக்கு, ஒரு புள்ளியும் குறையாது.